ஈச்சம்பொட்டலில் என்ன கோயில் இருக்கிறது?

வேலிக்கல் ஊன்ற வந்தவர்கள் அத்தனை பேரும் உள்ளூர் ஆட்கள். பாலம்மாளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியூர்க்காரன் எவனாவது வந்து ஈச்சம்பொட்டலை அடைத்திருந்தால் மண்ணை வாரித் தூற்றி, அவன் தலைமுறைக்கும் சேர்த்து வைதிருப்பாள். இங்கே கடப்பாரையோடு குழி தோண்டிக்கொண்டிருந்தவன் சொந்த அண்ணன் மகன் கதிரவன். வாரித் தூற்றினால் அவன் கண்ணில்தான் விழும். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய வண்டி யாருடையது என்று கேட்டால் இன்னும் வெட்கக்கேடு. அவள் பெற்ற மகன் ராம்குமாரின் வேன்.

"ஏலே கதிரவா, யாரக் கேட்டுலே இங்கன கல்லு ஊண்டுற?"

"கோவிச்சுக்காதீக அத்தே. கூலிக்கு வந்திருக்கேன். நான் வரலைன்னா வேற ஒருத்தன் வருவான்."

"வேற ஒருத்தன் வந்தா அவன வைவேன். இப்ப ஒன்ன வையவா, வேணாமா? நீயே சொல்லு."

கதிரவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே ஒற்றைக் காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஏறியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி குனிந்தான். "முள்ளு பாத்து கால வைலே" என்று பாலம்மாளின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சண்டை போட வந்த இடத்தில் இப்படிச் சொல்லித் தொலைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆடுகளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கம்பி இன்னும் இழுக்காத கற்களுக்கு நடுவே புகுந்து, எப்போதும் போல உள்ளே மேய்ந்துகொண்டிருந்தன.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து தெற்கே போகிற மினி பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர் நடுக்காட்டுப்பட்டி. ஊருக்கு மேற்கே இருப்பது ஈச்சம்பொட்டல். ஊரின் ஆடு மாடெல்லாம் மேய்கிற பொது நிலம். பத்து வருசத்துக்கு முன்னால் ஒரு வெடிக் கம்பெனிக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்து ஷெட் போட்டார். ஊரும் சும்மா இருந்தது. வேலை கிடைக்கிறதே என்ற நினைப்பு. ஓர் ஆடி மாதம், தீபாவளி சீசனுக்கு ஆர்டர் குவிந்து கிடந்த நேரம், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் நெருக்கியடித்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வேலை வாங்கினார்கள். வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது. அவ்வளவுதான். பாலம்மாளின் மகள் ஐஸ்வர்யா அந்த அறையில்தான் இருந்தாள். அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது.

ஐஸ்வர்யாவை முழுசாக யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்து கொடுத்ததை வெள்ளைத் துணியை அவிழ்க்காமலே புதைத்தார்கள். மிச்ச மகள் பொட்டலில்தான் இருக்கிறாள் என்று பாலம்மாள் சொல்வாள். கேட்கிறவர்கள் 'பாவம், பித்துப் பிடித்துவிட்டது' என்று நினைப்பார்கள். பித்து என்ன இதில்? நடந்ததைத்தான் சொல்கிறாள். அந்தக் கம்பெனிக்காரர் கோர்ட்டுக்கு நாலு நாள் நடந்தார், அப்புறம் சிவகாசியில் பேரன் காதுகுத்துக்குப் பந்தல் போட்டார். ஷெட்டை இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். கரிந்த தரையை மட்டும் யாராலும் அள்ள முடியவில்லை. புல் முளைக்கிற ஊரில் இன்றைக்கும் அந்த ஒரு துண்டு தரையில் புல் முளைக்காது.

நிலத்தை ஊருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று பெண்கள் போய்ப் போய் மனு கொடுத்தார்கள். திங்கட்கிழமைதோறும் விருதுநகருக்கு பஸ் ஏறியதில் கண்டக்டருக்கே இவர்கள் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. மனுவை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த லட்சணத்தில்தான் இப்போது புது வெடிக் கம்பெனி ஒன்று வேலிக்கல்லோடு வந்து நிற்கிறது.

புதுக் கம்பெனி முதலாளி மணிகண்டராஜ் காரை விட்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கெட்ட வார்த்தை பேசாத மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பங்குனிப் பொங்கலுக்கு நன்கொடை கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். தை பிறந்தால் வீட்டுக்கு வீடு அம்மன் படம் போட்ட காலண்டர் அனுப்பி வைப்பார்.

"என்ன தாயி, சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது?"

"மொதலாளி, இது ஊரு மேய்ச்சல் நெலம். அதுக்கு மேல, எங்க பிள்ளைக செத்த எடம். இங்கன மறுபடி மருந்து கொண்டாந்து வைக்கக் கூடாது."

"செத்த எடம்னு பாத்தா, நம்ம பக்கத்துல எங்கயுமே கட்டடத்துக்கு வானம் தோண்ட முடியாது." அதை அவர் கோபமில்லாமல், கடையில் துணிக்கு விலை சொல்வது போலச் சொன்னார். "வெள்ளிக்கிழம அதிகாரி எடம் பாக்க வாறாரு. சட்டம் என்ன சொல்லுது? மருந்துக் கம்பெனிக்குப் பக்கத்துல வீடு இருக்கக் கூடாது, ரோடு இருக்கக் கூடாது, கோயில் இருக்கக் கூடாது. இங்கன என்ன கோயிலா இருக்கு? ஒத்தச் செங்கலக் காட்டு தாயி, ஊண்டின கல்லப் புடுங்கிக்கிட்டு நானே போயிருதேன்."

பாலம்மாள் பொட்டலைச் சுற்றிப் பார்த்தாள். கருவேல மரம் நின்றது. ஆடு நின்றது. கரிந்த தரை கிடந்தது. காட்டுவதற்கு ஒரு செங்கல் இல்லை. ஊரில் யாருக்கும் வாயில் தோற்காதவள் அன்றைக்கு வாயடைத்துப்போய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம், சொல்லாமல் விட்ட பதில் தொண்டையில் நின்று குமட்டியது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊக்கால் உள்ளங்காலைக் குத்தி முள் எடுத்துக்கொண்டிருந்தபோது ராம்குமார் வந்தான். திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டு வேன் எடுத்திருக்கிறான். புதுக் கம்பெனி திறந்தால் ஆள் ஏற்றி இறக்குகிற வேலை முழுவதும் அவனுக்குத்தான் என்று மணிகண்டராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பிப் பெண் பார்க்கவும் சொல்லியிருந்தான்.

"ஒனக்கு எதுக்கும்மா செருப்பு வாங்கிக் குடுத்தேன்? பனையடியில காயப் போடவா?"

பொட்டலுக்குள் நுழைகிற இடத்தில் பட்டுப்போன பனை ஒன்று நிற்கிறது. தீ எரிந்து அணைந்த மறுநாள், பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள் அந்தப் பனையடியில்தான் செருப்பைக் கழற்றினார்கள். எதன் மேல் கால் படும் என்று தெரியாத நிலத்தில் எவன் செருப்போடு நடப்பான்? அதற்கப்புறம் பாலம்மாள் ஒருநாளும் செருப்போடு உள்ளே போனதில்லை. முள் குத்தும், வீட்டுக்கு வந்து எடுப்பாள். அவள் காலைப் பார்த்து மகன் சலித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

"மொதலாளியோட மல்லுக்கு நின்னியாமே? கதிரவன் சொன்னான்."

"அவன் சொன்னதுல பொய் இல்ல."

"எம்மா, நம்ம ஊருப் பொம்பளைக இப்பவும் வெடிக்குத்தான போறாக? விடியமுன்ன எந்திரிச்சு எங்கயோ தூரத்துக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போறாக. அது இங்கனயே இருந்தா என்ன? அக்கா என்ன திரும்பி வரவா போறா?"

"அவ எங்கலே போனா, திரும்பி வாரதுக்கு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கிழம அதிகாரிகிட்ட என்னயப் பேசச் சொல்லிருக்காரு. செத்த பிள்ளையோட தம்பியே சம்மதம்னு சொன்னா, ஊரே சொன்ன மாதிரியாம்."

பாலம்மாள் ஊக்கைக் கீழே வைத்தாள். நிலம் போகிற வலி ஒரு வலிதான். மகளை எரித்த இடத்தை மகன் வாயாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்பது வேறு வலி.

"நீ சொல்லப் போறியா?"

"சொன்னாத்தாம்மா வேன் ஓடும்" என்றான் ராம்குமார். அவன் குரலில் திமிர் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சல்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுப் பெண்கள் பொட்டலில் கூடினார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஜெயசீலி டீச்சரும் ஸ்கூட்டியில் வந்தார். டீச்சரின் தங்கை பெர்சிஸ் நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டு, லீவில் நாலு வாரம் வேலைக்கு வந்தவள். அன்றைக்கு ஐஸ்வர்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கோயில் எங்கன்னு கேக்காரு" என்றாள் பாலம்மாள். "காட்டுவோம். நம்ம வீட்டுப் பெட்டிக கோயில் இல்லாம வேற என்ன?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை அந்தப் பக்கத்தில் வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு சீலையை ஓலைப்பெட்டியில் மடித்து வைத்து, வருசத்துக்கு ஒருநாள் எடுத்து அலசிக் காயப்போட்டு, சாம்பிராணி காட்டித் திரும்ப மூடி வைப்பார்கள். கன்னிப்பெட்டி என்று பெயர். கட்டிக்கொடுத்த மகள் வந்தால் பார்க்கலாம், மருமகள் பார்க்கலாம். வெளியாள் கண் படக் கூடாது. பட்ட சீலை மறுபடி பெட்டிக்குள் போகாது.

"தெய்வக் குத்தமாயிரும் மதினி" என்றாள் சுகிர்தா. அவள் வீட்டுப் பெட்டியில் இருப்பது நாத்தனாரின் சீலை. "வீட்டுக்குள்ள இருக்கவள இழுத்துக்கிட்டு வந்து வெயில்ல நிறுத்தச் சொல்லுதீக. அப்புறம் எங்க வீட்டுல வெளக்கேத்தி நாங்க யாரக் கும்பிட?"

"நீ சொல்றது சரிதான். எனக்கு மட்டும் ஆசையா? எம் பிள்ளன்னு சொல்ல அந்தச் சீல ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு." பாலம்மாள் அழுகையை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "ஆனா இம்புட்டு நாளும் வீட்டுக்குள்ள வச்சே அழுதோம். அதனாலதான் இங்கன ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தன் ஷூ காலோட நின்னு சொல்றான். அவளுக இங்கனதான் செத்தாளுக. இங்கனயே நிக்கட்டும். எவன் கல்லப் போடுதான்னு பாப்போம்."

சுகிர்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஓர் ஆடு ஜெயசீலி டீச்சரின் கைப்பையை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

"எங்க வீட்டுல பெட்டி கெடையாது" என்றார் டீச்சர். "சீல வச்சுக் கும்பிடுற வழக்கம் எங்களுக்கு இல்ல. ஆனா பெர்சிஸோட சீல ஒண்ணு பீரோவுல இருக்கு. அதக் கொண்டாறேன். சாமியா இல்ல, சாட்சியா. ஒங்க பிள்ளைகளுக்குப் பக்கத்துல எங்க பிள்ள இருக்கலாமா?"

"என்ன டீச்சர் கேள்வி இது? ஒண்ணா உக்காந்திருந்தவளுக. ஒண்ணாத்தான போனாளுக."

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன் பாலம்மா. நேத்துக் கட்டின துணி இதுன்னு சொல்லுவாக."

"சொல்லட்டும். நமக்கு மட்டும் வாய் இல்லையா?" என்றாள் பாலம்மாள். சொன்னாளே தவிர, அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது. எல்லோருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் கலைகிறபோது சுகிர்தாதான் முதலில், "வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாலம்மாள் குளித்து முழுகி, ஈரத்தலையோடு பெட்டியைத் திறந்தாள். கற்பூர வாசமும் ஓலை வாசமும் கலந்து முகத்தில் அடித்தது. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சீலை. நிச்சயத்துக்கென்று ஐஸ்வர்யாவே சிவகாசியில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. ஒரே ஒருநாள்தான் கட்டினாள். பாலம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏட்டி, வா. வேலைக்கு இல்ல, சண்டைக்குப் போறோம்" என்றாள்.

வேன் சாவியை எடுக்க உள்ளே வந்த ராம்குமார் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"எம்மா, இதையும் எடுத்துட்டியா? துணிக்கெல்லாம் பயப்படுறவுக இல்லம்மா அவுக. ஒனக்கு இதுவும் இல்லாமப் போயிரும்."

"போனாப் போகுது. நீ போயி ஒஞ் சம்மதத்தச் சொல்லு. நான் எஞ் சம்மதத்தச் சொல்லுதேன்."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெண்கள் சீலையைக் கட்டுவதற்கு மரம் தேடவே இல்லை. கரிந்த தரையை ஒட்டி மணிகண்டராஜ் ஊன்றி வைத்திருந்த புதுக் கற்கள் வரிசையாக நின்றன. ஆள் உயரத்துக்கு அருமையான கற்கள். முதல் கல்லுக்கு பாலம்மாள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாம்பழ மஞ்சள் சீலையைக் கொசுவம் வைத்துக் கட்டினாள். கல்லுக்குச் சீலை கட்டுவது லேசில்லை, இடுப்பு இல்லாததால் நழுவி நழுவி இறங்கியது. சுகிர்தா ஊக்கைக் கொடுத்தாள். அடுத்த கல் அவள் நாத்தனார். கடைசிக் கல்லில் டீச்சர் பெர்சிஸின் ஊதாச் சீலையைச் சுற்றிவிட்டு, மஞ்சள் பூசாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வேலி போட வந்த கற்கள் சிறிது நேரத்தில் பிள்ளைகளாகிவிட்டன. பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இவ்வளவு செலவு செய்து சாமிக்குக் கல் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் வேறு எந்த ஊரில் இருக்கிறார்?

அந்தப் புண்ணியவான் அதிகாரியோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ராம்குமாரின் வேனில் கம்பி கட்டுகிற ஆட்கள் வந்து இறங்கினார்கள். கற்களைப் பார்த்ததும் மணிகண்டராஜின் முகம் சிவந்தது. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"என்ன கூத்து இது? கல்லு என்னோடது!"

"கல்லு ஒங்களோடதுதான் மொதலாளி. யாரு இல்லைன்னா? பிள்ளைக எங்களோடது" என்றாள் பாலம்மாள்.

"ஏய் கதிரவா, அந்தத் துணியெல்லாம் அவுத்துப் போடு. கல்லப் புடுங்கு."

கதிரவன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். பிடுங்க வேண்டிய முதல் கல் அவன் அத்தை மகள். சின்ன வயதில் அவனுக்கு முறைப்பெண் என்று ஊரே கேலி செய்த ஐஸ்வர்யா. "நம்மால முடியாது மொதலாளி" என்றான். மற்றவர்களும் நகரவில்லை.

அதிகாரி வெயிலில் அலைந்து சலித்த மனிதராகத் தெரிந்தார். ஒரு கல்லின் அருகே போய் மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது.

"இன்னும் ஈரம் காயல. இன்னைக்குப் பூசியதுதானேம்மா?"

பாலம்மாள் பொய் சொல்லவில்லை. "இன்னைக்குத்தான் பூசினோம் சார். பிள்ளைக இங்கன வந்து ஒம்பது வருசமாச்சு."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா காலையில கட்டின சீலையைப் பார்த்துட்டு இது வழிபாட்டு இடம்னு நான் எழுத முடியாது. அப்படி எழுதினா நாளைக்கு ஊருக்கு ஊர் கல்லுக்குச் சீலை கட்டுவாங்க."

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. மணிகண்டராஜுக்கு மூச்சு வந்தது. "சார், இவ்வளவு எதுக்கு? செத்துப்போன பிள்ளையோட கூடப் பிறந்த தம்பியே இங்க இருக்கான். அவனக் கேளுங்க. ராம்குமார், இங்க வாப்பா!"

ராம்குமார் வேனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான். பாலம்மாளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மகள் கட்டியிருந்த சீலையின் பச்சைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெட்டியும் காலி, பொட்டலும் காலி, மகனும் காலி.

அவன் நேராக வரவில்லை. கருவேலஞ்செடிகளுக்கு நடுவே எட்டி எட்டி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். நடுவில் நின்று முழங்காலை மடக்கி ஒரு முள்ளைப் பிடுங்கினான். அதிகாரி அவன் காலைப் பார்த்தார்.

"தம்பி, செருப்பு போடலையா?"

"போட்டிருக்கேன் சார். பனையடியில கெடக்கு."

"ஏன், அறுந்துபோச்சா?"

"இல்ல சார்" என்றான் ராம்குமார். சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலைத் தானே புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். கழற்றியது அவனுக்கே ஞாபகம் இல்லை. வேனை விட்டு இறங்கினான், பனையைத் தாண்டினான், கால் பழக்கப்படி செருப்பை உதறிவிட்டது. சம்மதம் சொல்ல வந்தவனின் கால் அது.

அதிகாரி கதிரவன் பக்கம் திரும்பினார். அவன் வெறுங்கால். கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் வெறுங்கால். பெண்கள் எல்லோரும் வெறுங்கால். டீச்சரின் செருப்பும் காலில் இல்லை. அந்தப் பொட்டலில் காலில் கிடந்தது அவருடைய ஷூவும் மணிகண்டராஜின் ஷூவும்தான்.

"நீங்க கம்பெனிக்கு வேலை செய்ய வந்தவங்கதானே?" என்று கதிரவனைக் கேட்டார். "இவ்வளவு முள்ளுக்குள்ள வெறுங்காலோடதான் இத்தனை கல்லையும் ஊன்றுனீங்களா?"

"ஆமா சார்."

"குத்தலையா?"

"குத்துது சார்."

"அப்புறம் ஏன்?"

கதிரவன் தலையைச் சொறிந்தான். இதையெல்லாமா ஒரு ஆள் கேட்பார் என்று அவனுக்குத் தோன்றியது. அதிகாரி மெல்ல நடந்து பனையடிக்குப் போனார். பனையின் தூரைச் சுற்றிச் செருப்புகள் கிடந்தன. வாரில்லாத ரப்பர் செருப்பு, பெண்களின் செருப்பு, கம்பெனி ஆட்களின் செருப்பு, ராம்குமாரின் புதுச் செருப்பு. வருசக்கணக்காகச் செருப்பு கிடந்து கிடந்து அந்த இடத்தில் மண் இறுகி வழவழப்பாக இருந்தது. மஞ்சளைக் காலையில் பூசிவிடலாம். இந்த மண்ணை ஒரே காலையில் இறுக்க யாரால் முடியும்?

அவர் திரும்பி வந்து ராம்குமார் முன்னால் நின்றார்.

"தம்பி, உன்னைக் கேட்கச் சொல்றாரு, அதனால கேட்கிறேன். இங்கே கம்பெனி வர்றதுக்கு உனக்குச் சம்மதமா?"

"சொல்லுப்பா" என்றார் மணிகண்டராஜ்.

ராம்குமார் தொலைவில் நின்ற வேனை ஒருமுறை பார்த்தான். அப்புறம் மாம்பழ மஞ்சள் சீலையைப் பார்த்தான். ஊக்கு விலகி, கொசுவம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் போய், இறங்கிய சீலையைத் தூக்கிக் கல்லோடு சேர்த்து இறுக்கிச் செருகினான். சின்னப் பையனாக இருந்தபோது அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்து அடி வாங்கிய கை அது.

"கோயிலுக்குள்ள மருந்து வைக்க எவன் சார் சம்மதிப்பான்?" என்றான்.

பாலம்மாள் அழக் கூடாது என்று வந்தவள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள், அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. சுகிர்தா குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வேத வசனம் படிக்கிற வாயால் ஜெயசீலி டீச்சரும் குலவை போட்டுப் பார்த்தார், சரியாக வரவில்லை.

அதிகாரி நின்றபடியே ஏதோ எழுதினார். "நான் பார்த்ததை எழுதியிருக்கேன்" என்றார் பொதுவாக. "வழிபாட்டு இடம் இருக்கு, ஊர் எதிர்ப்பு இருக்கு. இந்த இடத்துல கட்ட என் கையால அனுமதி கிடையாது. மேல போறவங்க போகலாம்." ஜீப்பில் ஏறும் முன் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மணிகண்டராஜ் ராம்குமாரை நெருங்கி வந்தார். "ஒன்ன நம்பினேன்டா. இனி இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனியில ஒன் வேன் ஓடுதான்னு பாக்கேன்." ராம்குமார் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. வேன் போனால் மறுபடி தகரம் அடிக்க வேண்டியதுதான். பாலம்மாள் வந்து மகனுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றாள்.

"தாயி, இது இத்தோட முடிஞ்சிரும்னு நெனைக்காத" என்றார் மணிகண்டராஜ். "எனக்கும் மேல ஆள் இருக்கு. சென்னைக்குப் போவேன், டெல்லிக்கும் போவேன். திரும்பி வருவேன்."

அவர் பின்னால் ஓர் ஆடு, புதுக் கல் கிடைத்த சந்தோசத்தில், ஊதாச் சீலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பாலம்மாள் அதை விரட்டவில்லை. மூன்று நாளாகத் தொண்டையில் நின்ற பதில் இப்போது தன்னால் வந்தது.

"வாங்க மொதலாளி, எத்தன தடவ வேணும்னாலும் வாங்க. வாறப்ப செருப்ப மட்டும் அந்தப் பனையடியில கழட்டிட்டு வாங்க."